இரண்டாவது கோல்காப்பாளர் என்கிற தலையிடி

டொரொண்டோவில் இரவு 7 மணிக்கு ஆட்டம் என்றால், குளிர்காலத்தில் இங்கே வெள்ளவத்தையில் மறுநாள் விடியற்காலை 5.30. காலி வீதியில் பஸ்கள் ஓடத் தொடங்கியிருக்கும். கடலோரமாக ரயில் ஒன்று கூவிக்கொண்டு போகும். சூண் பாண்காரர் வர இன்னும் நேரமிருக்கும். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு, ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, ஐஸ் ஹொக்கி பார்த்துக்கொண்டிருப்பேன். ஐஸ் என்றதும் பேலியகொடை மீன் சந்தையும் சின்ன வயதில் சாப்பிட்ட ஐஸ்பழமும் ஞாபகத்துக்கு வருகிற ஊரில் இது கொஞ்சம் விசித்திரமான பழக்கம்தான். ஸ்காபரோவில் வளர்ந்த அக்கா மகன் தொற்றவைத்த வியாதி.

போன மாதம் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "மாமா, உந்தக் கிழவனை ஏன் இன்னும் வச்சிருக்கினம்? கீழ் லீக்கில பெடியன் என்னமா மறிக்கிறான். அவனைக் கொண்டுவந்து விட்டா என்ன?"

அவன் கிழவன் என்றது 35 வயதுக்காரர் ஒருவரை. கழகத்தின் இரண்டாவது கோல்காப்பாளர். முதலாமவருக்கு ஓய்வு கொடுக்கும் நாட்களில் மட்டும் இறங்குவார். பெடியனுக்கு 22. அதே கழகத்தின் கீழ் லீக் அணியில் வாராவாரம் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். மேலே வாங்கில் உட்காரும் அந்த ஒரே இடம் யாருக்கு என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு பருவத்திலும் ஏதோ ஒரு நகரத்தில் இந்தச் சண்டை நடக்கும். கேட்பவர்கள் எல்லோரும் மருமகனைப் போலவே கேட்பார்கள்: இரண்டு பேரில் யார் திறம்? எனக்கு என்னவோ, கழகங்கள் அந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்கின்றன என்று படுகிறது. அதற்கு முன் அவை கேட்கும் கேள்வி வேறு. விளையாடாமல் உட்கார்ந்திருந்தால் யார் கெட்டுப்போவார், யார் கெட்டுப்போக மாட்டார்?

முதலில் அந்த வேலை என்னவென்று பார்ப்போம். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் 32 கழகங்கள். 2025-26 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு உடுத்தி வருவது 20 பேர், அதில் 2 பேர் கோல்காப்பாளர்கள். கோலின் அகலம் 6 அடி, உயரம் 4 அடி. அதை நோக்கி பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியும் வரும். துள்ளாமல் ஐஸில் சீராக வழுக்கிப் போகவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்திருப்பார்கள். இதை 82 இரவும் ஒருவரே மறிக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு இரவுகளில், அதுவும் இரண்டு நகரங்களில் ஆட்டம் வரும் நாட்கள் பருவம் முழுக்க உண்டு. அதனால் இன்றைய முதல் கோல்காப்பாளர்கள் பொதுவாக 50, 60 ஆட்டங்களோடு நிற்பார்கள். மிச்சம் இரண்டாமவருக்கு.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. கிளென் ஹோல் என்பவர் 1955 முதல் 1962 வரை 502 ஆட்டங்கள் தொடர்ச்சியாக, ஒன்றைக்கூட விடாமல் நின்றார், அதுவும் முகமூடி இல்லாமல். அந்தக் காலத்தில் கழகத்தோடு இரண்டாவது ஆளே பயணம் செய்வதில்லை. 1959 நவம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கில் ஜாக் பிளான்டின் முகத்தில் பக் பட்டுக் கிழித்தது. தையல் போட்டு முடியும்வரை மொத்த ஆட்டமும் காத்திருந்தது. அவர் முகமூடியோடு திரும்பி வந்தார், முகமூடி வரலாறு அங்கேதான் திரும்பியது. அதற்கும் முன்னால், 1928 இறுதித் தொடரில் நியூயோர்க் ரேஞ்சர்ஸின் கோல்காப்பாளர் காயப்பட்டதும், 44 வயதுப் பயிற்றுநர் லெஸ்டர் பட்ரிக் தானே உடுத்திக்கொண்டு இறங்கி ஆட்டத்தை வென்றும் கொடுத்தார். கேட்க நல்ல கதை, ஆனால் கழகம் நடத்தும் முறை இதுவல்ல. 1960களின் நடுப்பகுதியில்தான் இரண்டு பேர் உடுத்தியே ஆகவேண்டும் என்ற விதி நிலைத்தது.

விதி வந்த பிறகும் பல பேருக்கு இரண்டாமவர் என்பது பெயரளவுதான். நியூஜெர்சியின் மார்ட்டின் புரோடர் 2006-07இல் 82 ஆட்டங்களில் 78இல் இறங்கினார். மற்றவருக்கு மிஞ்சியதை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அந்த மற்றவரை அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள். திரையில் அநேகமாக வரவே மாட்டார். வாங்கின் ஓரத்தில், ஆட்டக்காரர்கள் உள்ளே வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில், முழு உடுப்போடு, ஹெல்மெட்டுக்குப் பதிலாகத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார். அநேகமான இரவுகளில் அவருடைய வேலை கதவு திறப்பது. பயிற்சி முடிந்து முதலாமவர் குளிக்கப் போன பிறகு, அன்றைக்கு அணியில் இடம் கிடைக்காதவர்கள் வரிசையாக நின்று அடித்துப் பழகுவார்கள். அந்த அடியெல்லாம் வாங்குவதும் இவர்தான். முதலாமவர் நான்கு கோல் விட்டுப் பயிற்றுநருக்குக் கோபம் வந்தால், ஒரு மணித்தியாலம் குளிரில் உட்கார்ந்திருந்த கால்களோடு உடனே இறங்கவேண்டும். இரண்டு நிமிடம் கையைக் காலை உதறிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதை நான் புத்தக அறிவாகச் சொல்லவில்லை. எங்கள் பாடசாலை ஹொக்கி அணியில் நான் இரண்டாவது கோல்காப்பாளன். புல்தரை ஹொக்கி, ஐஸ் இல்லை. கொழும்பு வெயிலில் கால் பேட்டும் நெஞ்சுக் கவசமும் கட்டிக்கொண்டு கூடாரத்துக்குக் கீழே இருப்பேன். தோல் வியர்வையில் ஊறி ஒரு நாற்றம் வரும், அது கழுவினாலும் போகாது. ஒரு பருவம் முழுக்க அப்படி இருந்தேன். கடைசி ஆட்டங்களில் ஒன்றில் எங்கள் முதல் ஆளுக்கு விரல் பிசகிவிட, "இறங்கடா" என்றார் மாஸ்டர். நான் இறங்கி ஹெல்மெட் வாரைச் சரியாக இழுத்து முடிக்கவில்லை, முதல் பந்து கால்களுக்கு நடுவால் போய்விட்டது. கஷ்டமான அடி என்றுகூடச் சொல்ல முடியாது. பயிற்சியில் நூறு தடவை மறித்த பந்து. கண் மட்டும் இன்னும் கூடாரத்துக்குள் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நல்ல மறிப்பு செய்தேன். என்னைத் தவிர யாருக்கும் அது ஞாபகமில்லை.

உட்கார்ந்திருந்து எழும்பி மறிப்பது தனி வித்தை. 35 வயதுக்காரர்கள் அதை வருடக்கணக்காகப் பழகியிருப்பார்கள். மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு, நான்காவது வாரம் திடீரென்று 30 அடி வாங்கி, வென்றாலும் தோற்றாலும் மறுநாள் திரும்பவும் தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவு திறக்கத் தெரியவேண்டும். முகம் சுளிக்காமல் செய்யவும் தெரியவேண்டும். 22 வயதில் யாருக்கும் அது வராது, வரவும் கூடாது. அந்த வயதில் அவருக்கு வேண்டியது ஆட்டம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓர் ஆட்டத்தில் ஒரு கோல்காப்பாளருக்குச் சராசரியாக 28 அடி வருகிறது என்று வைப்போம். கீழ் லீக்கான ஏ.எச்.எல்.இல் முதல் ஆளாக 45 ஆட்டம் நின்றால் 1,260 அடி. மேலே இரண்டாமவராக 20 ஆட்டம் கிடைத்தால் 560. பாதிகூட இல்லை. கோல்காப்பாளர்கள் மற்றவர்களைவிடப் பிந்தித்தான் முற்றுவார்கள். 20 வயதில் நட்சத்திரமாகிற முன்வரிசைக்காரர்கள் வருடாவருடம் வருவார்கள். கோல்காப்பாளர் அநேகமாக 24, 25ஐத் தாண்டித்தான் நிலைப்பார். இடைப்பட்ட வருடங்களில் அவருக்குத் தேவை அடி, இன்னும் அடி, பிறகும் அடி. மேலே கொண்டுவந்து வாங்கில் வைப்பது, நாற்று பிடுங்கி நடாமல் வரம்பில் போட்டு வைப்பது மாதிரி.

இதற்கு மேல் சட்டம் ஒன்று இருக்கிறது, வெளியே இருந்து பார்ப்பவர்கள் அதிகம் கவனிக்காதது. அனுபவமுள்ள ஆட்டக்காரரைக் கீழே அனுப்பவேண்டும் என்றால், அவரை முதலில் வேவர்ஸ் என்கிற பட்டியலில் போடவேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் மற்ற 31 கழகங்களில் எதுவும் அவரை இனாமாக எடுத்துக்கொள்ளலாம். இளையவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. உதாரணமாக 20 வயதில் ஒப்பந்தம் செய்த கோல்காப்பாளருக்கு 4 வருடங்கள் அல்லது 80 ஆட்டங்கள், எது முந்தியோ அதுவரைக்கும். அதாவது பெடியனைக் கீழே அனுப்பிவிட்டுத் திரும்பவும் கூப்பிடலாம், ஒருவரும் தொடமுடியாது. மூத்தவரைக் கீழே அனுப்பினால் திரும்பிக் கிடைப்பார் என்று உத்தரவாதமில்லை. இரண்டு பேரும் ஏறத்தாழச் சமமென்றால் கழகம் யாரை மேலே வைக்கும்? கையை விட்டுப் போகக்கூடியவரை மேலே வைக்கும். போக முடியாதவரைக் கீழே வைக்கும். அப்படி வைத்தால் இரண்டு பேரும் கையில் இருப்பார்கள். மருமகனுக்கு நான் அனுப்பிய முதல் பதில் இதுதான். "அப்ப திறமைக்கு மதிப்பில்லையா?" என்று கோபித்துக்கொண்டான்.

விலக்குக் காலம் முடிகிற வருடம்தான் விளையாட்டே. அந்த செப்டெம்பரில் பெடியனும் பட்டியலுக்குப் போகவேண்டிய ஆளாகிவிடுவார். அதுவரை பத்திரமாகக் கீழே வைத்தவரை இனி மேலே வைக்கவேண்டும், அல்லது விற்கவேண்டும். திடீரென்று ஒரு மூத்தவர் "வேண்டாதவர்" ஆவதும் இளையவர் ஒரே இரவில் "தயாராகிவிட்டார்" என்று செய்தி வருவதும் அநேகமாக இந்தத் திகதியை ஒட்டித்தான்.

பிறகு காசு. 2025-26இல் ஒரு கழகம் மொத்தமாகச் சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 95.5 மில்லியன் டொலர். மிகக் குறைந்த தனிச் சம்பளம் 775,000 டொலர். வாங்கில் இருப்பவருக்கு எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறார்களோ, அவ்வளவு முன்வரிசைக்கு மிஞ்சும். ஒரு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடும் மூத்தவரும் மலிவுதான், முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் இளையவரும் மலிவுதான். ஆகவே காசு இந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பது குறைவு.

சரி, திறமைக்கு வருவோம். இலக்கங்களைப் பார்த்துத் தீர்மானித்தால் என்ன என்று கேட்கலாம். மருமகனும் கேட்டான், ஸ்க்ரீன்ஷொட்டோடு. மூத்தவர் 100 அடிக்கு 90 மறிக்கிறார், பெடியன் கீழே 92 மறிக்கிறார். கீழே அடிப்பவர்கள் யார், மேலே அடிப்பவர்கள் யார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இலக்கத்துக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது.

20 ஆட்டம், 560 அடி. நூற்றுக்குத் 90 மறிப்பவர் 56 கோல் விடுவார். நூற்றுக்குத் தொண்ணூற்றரை மறிப்பவர் 53. வருடம் முழுவதற்கும் வித்தியாசம் 3 கோல். நாணயம் சுண்டுவதுபோல வெறும் தற்செயலே இதில் எவ்வளவு விளையாடும் என்று பார்த்தால், 7 கோல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது சர்வசாதாரணம். ஒரே ஆள், ஒரே திறமை, ஒரு வருடம் 49 கோல் விடுவார், இன்னொரு வருடம் 63 விடுவார். ஏ.எல். கணிதம் படிப்பிக்கும் எந்த ஆசிரியரும் அதைப் பார்த்துப் புருவம் உயர்த்த மாட்டார். ஆனால் 49 விட்ட வருடம் அந்த ஆள் நூற்றுக்கு 91 மறித்த வீரர், பத்திரிகையில் படம் வரும். 63 விட்ட வருடம் 89க்கும் கீழே, வேலை போகும். இரண்டாவது கோல்காப்பாளரின் இலக்கங்களை வைத்து நாம் போடும் சண்டையில் பெரும்பங்கு தற்செயலோடு போடும் சண்டை.

கிரிக்கெட்டில் இது இவ்வளவு மோசமில்லை. 2000ஆம் ஆண்டில் ரொமேஷ் களுவிதாரணவின் கையுறையை 22 வயதுக் குமார் சங்கக்கார வாங்கிக்கொண்டபோது, விக்கெட்டுக்குப் பின்னால் ஏதும் தவறவிட்டாலும் துடுப்பைப் பார்த்து ஆறுதல் அடைய முடிந்தது. கோல்காப்பாளருக்கு அந்த மறைவிடம் கிடையாது. ஒரே வேலை. விட்டால் பின்னால் சிவப்பு விளக்கு எரியும்.

டொரொண்டோ ஆட்களுக்கு இந்த விஷயத்தில் சொல்ல நிறைய உண்டு. அவர்கள் கடைசியாக என்.எச்.எல். சம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ணம் வென்றது 1967இல். அன்றைக்குக் கோலில் நின்றவர்கள் யார் தெரியுமா? ஜொனி பௌவர், வயது 42. டெரி சோசக், வயது 37. இரண்டு கிழவர்கள். பௌவர் கீழ் லீக்குகளில் கிடந்து, 30ஐத் தாண்டிய பிறகே டொரொண்டோவில் நிலைத்தவர். எதிரே மொன்ரியலுக்கு நின்றவர் ரோஜி வஷோன், 21 வயது. டொரொண்டோப் பயிற்றுநர் பஞ்ச் இம்லாக் அவரைப் பொடியன்கள் லீக்கில் விளையாடவேண்டியவர் என்று பகிரங்கமாகக் கேலி செய்தார். முதல் ஆட்டத்தில் பொடியன்தான் சிரித்தார். சோசக் 6 கோல் விட்டார். பௌவரை இறக்கினார்கள், அடுத்த இரண்டையும் வென்றார். நான்காவது ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்கும்போது பௌவருக்குக் காயம். திரும்பவும் சோசக், திரும்பவும் 6 கோல், தோல்வி. பிறகு என்ன பிடித்ததோ, அதே சோசக் அடுத்த இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 2 கோல் மட்டும் விட்டுக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார். மேலே சொன்ன தற்செயல் கணக்குக்கு இதைவிட நல்ல படம் என்னிடம் இல்லை.

அந்த வஷோனின் கதைதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. நான்கு வருடம் கழித்து, 1971இல், மொன்ரியலின் மூத்தவர் அவர். மூத்தவர் என்றாலும் வயது 25. மார்ச் மாதம் கீழ் லீக்கில் இருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவரைக் கூப்பிட்டார்கள். பெயர் கென் டிரைடன். லீக் ஆட்டம் 6 கிடைத்தது, ஆறையும் வென்றார். அடுத்து நொக்அவுட் தொடர், எதிரே நடப்புச் சம்பியன் பொஸ்டன், லீக்கில் எல்லோரையும் நொறுக்கித் தள்ளிய அணி. ஆறே ஆட்டம் ஆடிய மாணவரை அந்த அணிக்கு முன்னால் இறக்கினார்கள். 7 ஆட்டத்தில் பொஸ்டன் வெளியே. கிண்ணம் மொன்ரியலுக்கு, தொடரின் சிறந்த வீரர் விருது டிரைடனுக்கு. புதுமுக வீரர் விருதை அதற்கு அடுத்த வருடம்தான் வாங்கினார், ஏனென்றால் கணக்குப்படி அப்போதுதான் அவர் புதுமுகம். வஷோன் அந்த நவம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். அங்கே அவர் சிதைந்துபோகவில்லை, அந்தக் கழகத்தின் முதல் பெரிய நட்சத்திரமானார், 2016இல் புகழ் மண்டபத்திலும் சேர்த்தார்கள். இரண்டு பேருமே திறம். ஒரு கோலில் ஒருவர்தான் நிற்கலாம், அதுதான் பிரச்சினை.

டிரைடன் கதையை எல்லோரும் எடுத்துவிடுவார்கள், பெடியனை இறக்கு என்பதற்குச் சாட்சியாக. செயின்ட் லூயிஸின் ஜோர்டன் பின்னிங்டன் அதே மாதிரி. 2019 ஜனவரி ஆரம்பத்தில் கழகம் லீக்கின் அடிமட்டத்தில். பருவத் தொடக்கத்தில் நான்காவது ஆளாக எண்ணப்பட்ட அவரை 7ஆம் திகதி முதல்முறையாக ஆட்டத்தைத் தொடங்க விட்டார்கள், ஒரு கோலும் விடவில்லை. ஜூனில் கிண்ணம். ஆனால் அப்போது அவருக்கு 25 வயது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்கு முந்தைய வருடங்களெல்லாம் கீழே அடி வாங்கிக்கொண்டே இருந்தவர், ஒரு பருவம் பொஸ்டனின் கீழ் அணிக்கு இரவலாகவும் போனவர். இறுதிப்போட்டியில் தோற்கடித்தது அதே பொஸ்டனை. அவரை 22 வயதில் கொண்டுவந்து வாங்கில் வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை.

மறுபக்கச் சாட்சிகளும் உண்டு, பெயர் அவ்வளவு பிரபலமில்லை. புரோடரைச் சொன்னேன். 2008 நவம்பரில் அவருடைய கைத் தசைநார் கிழிந்தது, மாதக்கணக்கில் இல்லை. கழகத்தின் அறிவிக்கப்பட்ட இரண்டாமவர் கெவின் வீக்ஸ். கடைசியில் கோலைத் தாங்கியது கீழ் லீக்கில் இருந்து வந்த ஸ்கொட் கிளெமென்சன், 31 வயது, வாங்கிலேயே காலம் போக்கியவர். 25 ஆட்டங்களை வென்று கொடுத்தார். புரோடர் குணமாகி வந்ததும் அவரைத் திரும்பக் கீழே அனுப்பினார்கள். 25 வெற்றிக்குக் கிடைத்த பரிசு பஸ் பயணம். இந்த வேலையின் சுபாவம் அப்படி.

தெரிவு செய்யத் தெரியாமல் இரண்டையும் இழந்தவர்கள் வான்கூவர்காரர்கள். ரொபர்ட்டோ லுவோங்கோ, 12 வருட ஒப்பந்தம். பின்னால் கோரி ஷ்னைடர், ஏழு வயது இளையவர், கேட்கவே வேண்டாம், நல்லாவும் மறித்தார். 2012 நொக்அவுட் தொடரின் நடுவில் இளையவரை இறக்கினார்கள். மூத்தவரை விற்கப் பார்த்தார்கள், அந்த நீள ஒப்பந்தத்தை வாங்க ஆளில்லை. ஒரு வருடம் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு தவித்தார்கள். 2013 ஜூனில் மனம் மாறி இளையவரை விற்றார்கள். மூத்தவர் சமாதானமாகிவிட்டார் என்று நினைத்தார்கள். 2014 மார்ச்சில் சொந்த ஊரிலேயே, பெரிய அரங்கில் ஒரு விசேஷ ஆட்டம். அதில் லுவோங்கோவை வாங்கில் இருத்திவிட்டு எடி லாக் என்ற புதுமுகத்தை இறக்கினார் பயிற்றுநர். இரண்டு நாளில் லுவோங்கோ புளோரிடாவுக்குப் போனார். இரண்டு பெண் பார்த்து இரண்டையும் தட்டிக் கழித்த மாப்பிள்ளை வீடு மாதிரி ஆனது கதை.

இரண்டு பேரும் இளையவர்களாக இருந்தால் சிக்கல் தீரும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2006இல் டொரொண்டோவின் கையில் இரண்டு பெடியன்கள்: ஜஸ்டின் போகி, டூக்கா ராஸ்க். போகி அந்த ஜனவரியில்தான் கனடாவின் இளையோர் அணிக்கு உலகத் தங்கம் வென்று கொடுத்திருந்தார். எல்லோர் கண்ணும் அவர் மேல். ராஸ்கைப் பொஸ்டனுக்குக் கொடுத்து, ஆண்ட்ரூ ரேக்ரொஃப்ட் என்ற கோல்காப்பாளரை வாங்கினார்கள். போகி என்.எச்.எல்.இல் விளையாடியது மொத்தம் 7 ஆட்டம். ரேக்ரொஃப்டை இரண்டு வருடத்தில் காசு கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ராஸ்க் 2014இல் லீக்கின் சிறந்த கோல்காப்பாளர். ஸ்காபரோவில் இன்றும் இதை ஞாபகப்படுத்தினால் பிறந்தநாள் விருந்து கெட்டுப்போகும். நான் ஒருமுறை ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லவேண்டும், அதுவும் ராஸ்க்தான். பொஸ்டனில் 2009-10இல் அவர் முதல் ஆளாகவே ஆகிவிட்டார், இலக்கங்களில் லீக்கிலேயே முன்னணி. அடுத்த வருடம் அவருக்கு முன்னால் நின்ற மூத்தவர் டிம் தோமஸ் உடல் தேறி வந்தார். ராஸ்கை வாங்குக்கு அனுப்பிவிட்டு 37 வயதில் கிண்ணமும் வென்றார், தொடரின் சிறந்த வீரராகவும் ஆனார். 24 வயது ராஸ்க் ஒரு முழு வருடம் கதவு திறந்தார். கெட்டுப்போனாரா? இல்லை. ஆக, உட்கார்ந்தால் எல்லோரும் கெட்டுப்போவார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்கு முன்பே கீழ் லீக்கில் இரண்டு முழு வருடம் அடி வாங்கி முற்றியவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இன்னொன்று, இலக்கத்தில் வராதது. மூத்தவரும் இளையவரும் ஒரே உடைமாற்றும் அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள். ஒருவரின் கெட்ட நாள்தான் மற்றவரின் வாய்ப்பு. இந்த உறவு கசந்தால் அறையே கசக்கும். பிட்ஸ்பர்க்கின் மார்க்-ஆந்ரே ஃப்ளூரி 2016இல் தலையில் அடிபட்டு ஒதுங்க, 21 வயது மட் மரே உள்ளே வந்தார், கிண்ணத்தையே எடுத்தார். அடுத்த வருட நொக்அவுட் தொடரின்போது மரேக்குக் காயம், ஃப்ளூரி இரண்டரைச் சுற்று தாங்கினார், பிறகு இடத்தைத் திரும்ப மரேயிடம் கொடுக்கவேண்டி வந்தது. இரண்டாவது தடவையும் கிண்ணம். அந்த இரவு ஐஸில் கிண்ணத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ஃப்ளூரி அதை மரேயின் கையில் கொடுத்தார். சில நாளில் ஃப்ளூரியைப் புதிய கழகமான லாஸ் வேகாஸ் எடுத்துக்கொண்டது. முதல் வருடத்திலேயே அவர்களை இறுதித் தொடருக்குக் கொண்டுபோனார். அப்படி ஒரு மூத்தவர் பக்கத்தில் இருந்தால், பெடியன் அவரிடமிருந்து படிப்பது பக் மறிக்கும் வித்தை மட்டுமல்ல.

எல்லாத் திட்டமும் ஒரே இரவில் கவிழலாம் என்பதற்கும் டொரொண்டோவே சாட்சி. 2020 பெப்ரவரி 22ஆம் திகதி அங்கே விளையாட வந்த கரோலினாவின் இரண்டு கோல்காப்பாளர்களும் ஒரே ஆட்டத்தில் காயப்பட்டார்கள். அவசரத்துக்கென்று அரங்கில் நிறுத்தியிருந்தவர் டேவிட் ஏயர்ஸ், 42 வயது, முன்பு ஐஸ் சமப்படுத்தும் வண்டி ஓட்டியவர், மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர். உள்ளூர்க்காரரே எதிரணிக்கு நின்றார். முதல் இரண்டு அடியும் கோல். பிறகு வந்த எட்டையும் மறித்தார். கரோலினா 6-3 என்று வென்றது. முதல் இரண்டும் உள்ளே போனபோது, கூடாரத்துக்குக் கீழே இருந்து எழும்பி ஓடிய ஒருவனுக்குத்தான் அது எப்படியிருக்கும் என்று தெரியும்.

அதனால் நான் எந்தக் கட்சி என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். ஒக்டோபரில் வாங்கில் இருக்கவேண்டியவர் கிழவர். பெடியன் கீழே நாளுக்கு 30 அடி வாங்கட்டும். முதலாமவர் காயப்பட்டு இரண்டு மாதம் இல்லை என்று வந்தால், அப்போது பெடியனைக் கூப்பிட்டு உண்மையிலேயே கோலில் விடவேண்டும், கதவு திறக்க விடக்கூடாது. அந்த நேரத்தில் கிழவரையே பாதுகாப்பு என்று பிடித்துக்கொண்டிருக்கும் பயிற்றுநர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதையெல்லாம் நான்கு நீளமான குரல் பதிவாக மருமகனுக்கு அனுப்பினேன். "மாமா, நீங்களும் இரண்டாவது கீப்பர்தானே, அதான் கிழவருக்கு வக்காலத்து" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அதில் பொய் இல்லை.

ஆட்ட நாட்களில் காலைப் பயிற்சி முடிந்து எந்தக் கோல்காப்பாளர் முதலில் ஐஸை விட்டு இறங்குகிறாரோ, அன்றிரவு அவர்தான் நிற்பார் என்பது அங்கே வழக்கம். அறிவிப்பு வருவதற்கு முன்பே செய்தியாளர்கள் அதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அவர்களுக்குக் காலை 11, நமக்கு இரவு 9.30. நேற்றும் அந்த நேரத்தில் பக்கத்துக் கடையில் கொத்து ரொட்டி அடிக்கும் சத்தத்துக்கு நடுவில் ஃபோன் மணி அடித்தது. மருமகன்தான். "கிழவர் முதல்ல இறங்கிட்டார். பாவம், 18 நாளைக்குப் பிறகு. எழும்பிப் பாருங்கோ மாமா."

5.15க்கு அலாரம் வைத்தேன்.